நாலே நிமிஷத்தில் இறக்கிவிட்டார்கள்

அத்தியாயம் 14

இதழை இரவல் கொடுத்துவிட்டு இன்னும் திரும்ப வாங்க முடியாமல் தவிப்பவர்களுக்காக, நடந்தது சுருக்கமாக:

ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் லேத் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்ற பூபாலனுக்கு, அறுபத்துமூன்றாவது வயதில் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. ஏழைகளுக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்ய ஆவடியில் ஒரு மெஷின் வேண்டும். அதற்காக அறுபது கிலோமீட்டர் சைக்கிள் பயணம் என்று நோட்டீஸ் வந்தது. ஓட்டுகிறவர்கள் தெரிந்தவர்களிடம் நன்கொடை கேட்க வேண்டும். ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். பாதியில் இறங்கினால் பாதிப் பணம்தான்.

நன்கொடை கேட்பதில் பூபாலன் அடித்த கூத்து ஊரறிந்தது. பல் பிடுங்கப் போன இடத்தில், டாக்டர் குறடோடு குனிந்த நேரத்தில், திறந்த வாயோடு ரசீதுப் புத்தகத்தை நீட்டினார். ரயில்வே கேட்டில் நின்ற இருபது வண்டிகளிலும் வரிசையாக வசூல் செய்தார். ரயில் மட்டும் நிற்காமல் போனதால் தப்பியது. மகள் தீபிகா குடியிருக்கும் நூம்பல் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவுக்குள் நுழைந்து ஒரே நாளில் முந்நூறு செய்தி போட்டு, அவள் மானத்தையும் நன்கொடையாக வாங்கிக்கொண்டார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள்.

அப்புறம்தான் சிக்கல். அறுபது தாண்டியவர்கள் டிரெட்மில்லில் ஓடிக் காட்டி, இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரிடம் அறிக்கை வாங்கி வந்தால்தான் சைக்கிளில் ஏறலாம் என்றார்கள். இரண்டு மாடி ஏறினாலே பூபாலனுக்குக் கண் இருட்டும். "நானூத்திப் பன்னெண்டு பேருகிட்ட வாங்கிட்டு, நெஞ்சு சரியில்லன்னு போய் நிக்கவா?" என்று யோசித்தார். யோசித்து ஒரு காரியம் செய்தார்.

நேற்று, சனிக்கிழமை, பூந்தமல்லியில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவர் பெயரைச் சொல்லி, அவர் வயதைச் சொல்லி, டிரெட்மில்லில் ஏறியவன் அவருடைய மச்சான் தேவராஜ். மனைவி சுசீலாவின் ஒரே தம்பி. ஐம்பத்தேழு வயது. ஜலதோஷத்துக்குக்கூட மாத்திரை போட்டதில்லை என்று பெருமை பேசுகிறவன். அவனும் பயணத்தில் ஓட்டுகிறான். அறுபது ஆகாததால் அவனிடம் யாரும் அறிக்கை கேட்கவில்லை.

இந்த ஆள்மாறாட்டம் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். பூபாலன், தேவராஜ், மூன்றாவது நீங்கள்.

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தேகால்.

ஆவடி மைதானத்தில் நூற்று நாற்பது சைக்கிள்கள் ஒரே பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. ஐப்பசி மேகம் தண்ணீர்த் தொட்டியின் தலையில் வந்து உட்கார்ந்தது போல இறங்கியிருந்தது. காற்றே இல்லை. வரவேற்புத் துணி பிழியாத வேட்டி மாதிரித் தொங்கியது. "செம்பரம்பாக்கம் ஏரி இருபத்தோரு அடி" என்று யாரோ சொன்னார்கள். மழைக்காலத்தில் இந்தப் பக்கத்து ஜனங்கள் வணக்கத்துக்குப் பதிலாக அதைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

பூபாலன் மஞ்சள் பனியனில் பழுத்த பலாப்பழம் போல நின்றார். சுசீலா வரவில்லை. "உங்க கூத்தை டிவியில காட்டினா பாக்கறேன்" என்று திரும்பிப் படுத்துவிட்டாள்.

பயணத்தை நடத்தும் ஜெகதீஷ் கையில் அட்டையோடு வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பொறுமையான பையன்.

"சார், உங்க மெடிக்கல் ரிப்போர்ட் மட்டும் இன்னும் வரல."

"டாக்டர் கையெழுத்து போடணும் தம்பி. என் பொண்ணு போனுக்கு அனுப்புறேன்னாங்கோ."

"வந்ததும் காட்டுங்க, அடுத்த நிமிஷம் விட்டுடறேன். அதுவரைக்கும் முடியாது சார்."

"நானூத்திப் பன்னெண்டு பேரு தம்பி!"

"நாலாயிரம் பேரா இருந்தாலும் ரிப்போர்ட் வேணும் சார்."

வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த தேவராஜ் தோலைச் சுருட்டி எறிந்துவிட்டு முன்னால் வந்தான். ஒல்லியான உடம்பு. அதே மஞ்சள் பனியன் கொடியில் காய்வது போல மேலே ஆடியது.

"மாமா, உன் லிஸ்ட்ட என் பேருக்கு மாத்தச் சொல்லு. உனக்கும் சேத்து நான் ஓட்டறேன்."

ஜெகதீஷ் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினான். அட்டையில் குறித்துக்கொண்டான். ஒரே கீறலில் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் தேவராஜின் கால்களில் ஏறி உட்கார்ந்தார்கள்.

பூபாலனுக்கு வயிறு எரிந்தது. இரண்டு மாதமாகத் தெருத் தெருவாகக் கேட்டது அவர். ஓட்டிப் பெயர் வாங்கப்போவது மச்சானா?

"நீயா?" என்றார், சுற்றி நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. "ஐ.டி.ஐ.ல சேந்து ஆறே மாசத்துல ஓடியாந்தவன். ஊட்டுக்கு சுண்ணாம்பு அடிக்க ஆரம்பிச்சு ஒரு செவுத்தோட வுட்டவன். இன்னிக்கி வரைக்கும் அந்த ஒரு செவுரு மட்டும் வெள்ளையா கீது. இவன் அறுவது கிலோமீட்டர் முடிக்கப் போறானாம்!"

நாற்பது பேராவது சிரித்தார்கள். தேவராஜும் சிரித்தான். ஆனால் அவன் கண் சிரிக்கவில்லை என்பதைப் பூபாலன் கவனித்தார். கவனித்தும் விட்டுவிட்டார்.

"இன்னிக்கி முடிக்கறேனா இல்லியா பாரு மாமா" என்ற தேவராஜ், அவர் காதோடு குனிந்தான். "நேத்து பாத்த இல்ல? எனக்கு முன்னாடி ஓடினவனைப் பன்னெண்டு நிமிஷம் ஓட வுட்டாங்கோ. என்னை நாலே நிமிஷத்துல எறக்கிட்டாங்கோ. பாத்தவொடனே தெரிஞ்சுகிச்சு, இவன் ஸ்ட்ராங்கு பார்ட்டின்னு."

"அந்த மெஷின் பொண்ணு இன்னாடா சொல்லுச்சு?"

"போய் ரெஸ்ட் எடுங்க சார்னுச்சு. மரியாத தெரிஞ்ச பொண்ணு."

நேற்று இதைச் சொல்லி இரண்டு பேரும் பூந்தமல்லி டீக்கடையில் பத்து நிமிடம் சிரித்திருந்தார்கள். இப்போது ஏனோ பூபாலனுக்குச் சிரிப்பு வரவில்லை. தேவராஜ் இடது உள்ளங்கையால் மார்பை நீவிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா?"

"ராத்திரி கொத்து பரோட்டா துன்னேன். வாயு. வழில ஒரு சோடா அடிச்சா பூடும்."

விசில் ஊதியது. நூற்று முப்பத்தொன்பது சக்கர ஜோடிகள் சர்ரென்று கிளம்பின. மைதானத்தில் மிஞ்சியது புழுதி, வாழைப்பழத் தோல், பூபாலன்.

* * *

ஆறு நாற்பதுக்குப் பொறுமை செத்தது. மகளுக்கு போன் அடித்தார். ஸ்கேன் சென்டரில் நேரம் பதிவு செய்து கொடுத்தவள் தீபிகாதான். ஆகவே அங்கே இருப்பதும் அவள் நம்பர்தான்.

"பாப்பா, ரிப்போர்ட்டு வந்துச்சா பாரும்மா. மைதானத்துல என்னை மட்டும் தனியா வுட்டுட்டுப் பூட்டானுங்க."

"தூங்கிட்டு இருந்தேன்பா. இருங்க, பாக்கறேன்."

அப்புறம் எதுவும் இல்லை. அவள் வீட்டு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அது ஒரு நிமிடம்தான் சுற்றியிருக்கும். பூபாலனுக்கு அரை நாள் சுற்றியது போலிருந்தது.

"அப்பா."

அந்தக் குரல் வேறாக இருந்தது.

"சைக்கிள்ல ஏறிட்டீங்களா?"

"வுட்டாத்தானே ஏறுறதுக்கு."

"ஏறாதீங்க. நடக்கவும் வேணாம். எங்கயாவது நிழல்ல உக்காருங்க. நான் போய் அம்மாவக் கூட்டிகிட்டு வரேன்."

"இன்னாம்மா, ரிப்போர்ட்ல..."

வைத்துவிட்டாள்.

மாட்டிக்கொண்டோம் என்று பூபாலன் முடிவு செய்தார். கேமராவில் பார்த்திருப்பார்கள். போலீசுக்குச் சொல்லியிருப்பார்கள். அறுபத்துமூன்று வயதில் ஆள்மாறாட்ட வழக்கு, பென்ஷன் போச்சு, பத்திரிகையில் போட்டோ. கார் வருவதற்குள் அவர் மூன்று பொய்களைத் தயார் செய்து, மூன்றாவதை அழுகையோடு ஒத்திகையும் பார்த்து முடித்திருந்தார்.

கார் வந்தது. சுசீலா பாதிக் கொண்டையோடு இறங்கினாள். பூபாலன் முதல் பொய்க்கு வாயைத் திறந்தார்.

அவள் திட்டவில்லை.

முப்பத்தைந்து வருடத்தில் திட்டாத சுசீலாவை அவர் பார்த்ததில்லை. நிஜமான பயம் அன்றைக்கு முதன்முதலில் அவரைத் தொட்டது அப்போதுதான்.

"மெதுவா வாங்க" என்றாள். தோளைத் தாங்கிப் பின்சீட்டில் ஏற்றினாள். தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பனியன் ஜிப்பை இறக்கி மார்பில் விபூதி பூசினாள்.

கார் பூந்தமல்லி ரோட்டில் பறந்தது.

"என்னதாண்டி கீது அந்தப் பேப்பர்ல? அப்பாவும் தெரிஞ்சுக்கட்டும், சொல்லு" என்றாள் சுசீலா.

தீபிகா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நாலாவது நிமிஷத்துலயே டெஸ்ட்ட நிறுத்திட்டாங்க. இதயத்துக்கு ரத்தம் சரியாப் போகலயாம். பெரிய அடைப்பா இருக்கும்னு டாக்டர் எழுதியிருக்கார். மாடி ஏறக்கூட விடாதீங்க, உடனே அட்மிட் பண்ணுங்கன்னு போட்டிருக்கு. ஹாஸ்பிட்டல்ல பேசிட்டேன். ரெடியா இருக்காங்க."

மறைப்பானேன், பூபாலனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அது என் இதயம் இல்லை! கேஸும் இல்லை, போலீசும் இல்லை. மடியில் படுக்க வைத்து விபூதி வேறு பூசுகிறாள். கல்யாணமான முதல் மாதத்துக்குப் பிறகு அவர் தலை அந்த மடியில் படுப்பது இதுதான்.

கார் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. சந்தோஷம் அங்கேயே விழுந்து நொறுங்கியது.

அப்படியானால் அது யார் இதயம்?

பூபாலன் படுத்தபடியே போனை எடுத்தார். நம்பரை அழுத்தினார். இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை காற்றின் இரைச்சல்.

"மாமா! திருமழிசை வந்துட்டேன்! இருவது கிலோமீட்டர்!"

"தேவா, எறங்கு. அங்கயே நில்லு."

"இன்னா? கேக்கல மாமா! மூச்சு கொஞ்சம் வாங்குது... வாயுதான். சோடா அடிச்சுகினேன். ஏரிகிட்ட போயி பேசறேன்!"

அதற்குப் பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

சுசீலா போனை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். "அவன எதுக்குக் கூப்புடறீங்க? விஷயம் தெரிஞ்சா பாதில ஓடியாந்துடுவான். ஓட்டட்டும் வுடுங்க. அவனாவது நல்லா கீறானே."

பூபாலன் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பருத்திப்பட்டில் சொல்ல வாயெடுத்தார்; அவள் நெற்றியைத் தடவினாள், வாய் மூடிக்கொண்டது. சென்னீர்குப்பத்தில் "சுசீ" என்றார். "பேசாதீங்க, மூச்சு வாங்கும்" என்றாள். ஏழு நிமிடம் போனது. அந்த ஏழு நிமிடத்தில் தேவராஜ் எத்தனை தடவை மிதித்திருப்பான் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. கரையான்சாவடி சிக்னலில் அதற்கு மேல் தாங்கவில்லை.

"அது என் நெஞ்சு இல்ல" என்று எழுந்து உட்கார்ந்தார். "தேவராஜுது."

எல்லாவற்றையும் சொன்னார். நானூற்றுப் பன்னிரண்டு பேர், கண் இருட்டு, சனிக்கிழமை, நாலு நிமிடம், டீக்கடைச் சிரிப்பு. சிக்னல் பச்சையாகி, பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்து, தீபிகா காரை ஓரங்கட்டினாள்.

சுசீலா நம்பவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு பயந்துகினு கதை வுடறீங்க. போன வருஷம் என் சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு வராம இருக்க, முட்டி ஒடஞ்சுடுச்சுன்னு மாவுக்கட்டு போட்டுகினு படுத்தவருதானே நீங்கோ? அப்பால கட்ட அவுத்துட்டு பிரியாணிக்கு மட்டும் வந்தீங்களே!"

"இது அப்படி இல்ல சுசீ. சத்தியமா..."

"என் தம்பி மேல எதுக்கு அபசகுனமா பேசறீங்க?"

தீபிகா போனில் அறிக்கையைத் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"அம்மா, டெஸ்ட்டுக்கு முன்னாடி எடை பாத்து எழுதியிருக்காங்க."

"எவ்ளோ?"

"ஐம்பத்தெட்டு கிலோ."

காருக்குள் இருந்த எல்லோரும் பூபாலனின் வயிற்றைப் பார்த்தார்கள். பூபாலனும் பார்த்தார். எந்தத் தராசும் அந்த வயிற்றைப் பார்த்து ஐம்பத்தெட்டு என்று பொய் சொல்லாது.

சுசீலா கத்தவில்லை. அவர் பக்கமிருந்து ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். மடியில் கொட்டியிருந்த விபூதியைத் தட்டிவிட்டாள்.

"வண்டியத் திருப்பு பாப்பா" என்றாள். "ஏரிக்குப் போ."

* * *

போகிற வழியில் தீபிகா ஜெகதீஷுக்கு போன் அடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"இதய நோய்னு ரிப்போர்ட் வந்திருக்கு. தயவு செஞ்சு உடனே நிறுத்துங்க."

"யார் பேருங்க?"

"ரிப்போர்ட்ல இருக்கறது பூபாலன்..."

"அவர நாங்க ஓட்டவே விடலையே மேடம். நீங்க கவலையே படாதீங்க" என்றான் ஜெகதீஷ், சந்தோஷமாக. அவள் மறுபடி விளக்குவதற்குள், கூட்ட இரைச்சலில் அவன் வைத்துவிட்டான்; திரும்பத் திரும்ப அடித்தும் எடுக்கவில்லை.

அவள் வேகம் கூட்டினாள். கிடங்குகளும் மனை விற்கும் பலகைகளும் பின்னால் ஓடின. பூபாலனுக்குக் காரின் ஒவ்வொரு ஆட்டமும் கணக்குக் கேட்பது போலிருந்தது.

ஏரிக்கரை அடிவாரத்தில் ஒரு பந்தல். தண்ணீர், எலுமிச்சைச் சாறு, பஞ்சர் ஒட்ட ஆள். பஞ்சர் ஒட்ட வந்திருந்தவர் ஆவடி சைக்கிள் கடை அப்துல் ரசாக். டயாலிசிஸுக்காக வாரம் மூன்று நாள் நகரத்துக்குப் போய் வருகிற ஜமீலாவின் புருஷன். பூபாலன் முதன்முதலில் ரசீது கிழித்தது அவருக்குத்தான்.

"இன்னா நைனா, உன்னை வுடலன்னாங்களே?" என்றார் ரசாக்.

"தேவராஜ் எங்க?"

ரசாக் கை காட்டினார். தேவராஜ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அப்போதுதான் கிளம்பப்போகிறான். மற்றவர்கள் சட்டையில் முதுகு மட்டும் நனைந்திருந்தது. அவன் குளத்தில் முக்கி எடுத்தது போலிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அடுப்புச் சாம்பல் நிறம். அக்காவைக் கண்டதும் அந்த முகத்தில் ஒரு சிரிப்பை எடுத்து மாட்டினான்.

"அக்கா! நீயும் வந்துட்டியா?"

"தேவு, எறங்கிடுடா."

"எறங்கித்தானேக்கா நிக்கறேன்."

பூபாலன் குறுக்கே போய் நின்றார். "மச்சான், நேத்து எடுத்த ரிப்போர்ட்டு வந்துச்சு. உன் நெஞ்சுல அடைப்பு கீதாம். சைக்கிள வச்சுடு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

தீபிகா அறிக்கையைத் திறந்து நீட்டிய போனைத் தேவராஜ் வாங்கிக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தான். முதல் வரியைத் தாண்டவில்லை.

"பூபாலன், வயசு அறுவத்திமூணு. இது உன்துதான் மாமா."

"பேருதாண்டா என்து! ஓடினவன் நீ!"

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேவராஜ் முகத்திலிருந்த சிரிப்பு கழன்றது.

"புரிஞ்சுபோச்சு" என்றான் மெதுவாக. "உன் லிஸ்ட்ட நான் ஓட்டி முடிச்சா, நாளைக்கி உன் மூஞ்சிய எங்க வச்சுப்ப? அதான் அக்காவையும் பாப்பாவையும் இஸ்துகினு வந்துட்ட."

"சத்தியமா சொல்றேன்டா."

"உன் சத்தியத்தை முப்பது வருஷமா பாத்துகினு கீறேன் மாமா. ஐ.டி.ஐ. முடிக்கல, செவுரு முடிக்கலன்னு காலைல அத்தினி பேரு முன்னாடி சொன்னியே. எங்கப்பன் சாவுக்கு வந்தவங்ககிட்டகூட அதைச் சொல்லித்தான் சிரிச்ச. இதையும் முடிக்கக் கூடாது நானு, அதானே?"

அந்த இடத்தில் பூபாலன் சொல்லக்கூடிய ஒவ்வொரு உண்மையும், ஏற்கெனவே சொல்லிவைத்த ஆயிரம் பொய்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றது.

சுசீலா தம்பியின் கையைப் பிடித்தாள். "எனக்காகடா தேவு."

"அக்கா, முப்பத்தஞ்சு கிலோமீட்டர்தான் பாக்கி. முடிச்சுட்டு உன் கையால துன்றேன்." அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். "ஜமீலாக்காவுக்கு மெஷினு வரணும் இல்ல?"

"டேய், மெஷினு அப்பால வரட்டும்டா! நீ உக்காரு!" என்று கத்தினார் ரசாக்.

"மாமா, அதுல எடை பாருங்க மாமா! எடை!" என்று தீபிகா ஓடினாள்.

அவன் ஏறிவிட்டான். சரிவில் எழுந்து நின்று மிதித்து, கரையின் மேல் போய்விட்டான்.

தீபிகா காருக்கு ஓடினாள். கரைக்கு ஏறும் பாதையில் இரும்புக் கம்பித் தடுப்பு. காவலுக்கு நின்றவர் இரண்டு கைகளையும் நீட்டினார். "காரு மேல போவக் கூடாதும்மா. ஏரி ரொம்பியிருக்கு. சைக்கிளுக்கு மட்டும்தான் இன்னிக்கி ஆர்டரு."

அவள் ஹாரனை அழுத்திப் பிடித்தாள். அது ஏரியின் மேல் போய்க் கரைந்தது.

பந்தலில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடும்பச் சண்டை என்று நினைத்திருப்பார்கள். பூபாலன் ரசாக்கின் பக்கம் திரும்பினார். சக்கரத்தை அவிழ்த்துப் பூட்டி முடித்த சைக்கிள் ஒன்று தலைகீழாக நின்றது. அதை நிமிர்த்தினார்.

"நைனா, நீ வேணாம்" என்றார் ரசாக்.

"வேற யாரு சொன்னா நிப்பான்?"

"நீ சொன்னா மட்டும் நின்னானா?"

பூபாலன் ஏறக் காலைத் தூக்கினார். ஹேண்டில் பாரில் ஒரு கை வந்து விழுந்தது. சுசீலா.

"உங்க நெஞ்சு எப்படி கீதுன்னு யாருமே பாக்கலியே" என்றாள். காரை விட்டு இறங்கியபின் அவரிடம் அவள் பேசியது அதுதான் முதல்.

அவர் தலையாட்டினார். அது உண்மை. ஒருவேளை அவருடையது தங்கமான நெஞ்சாக இருக்கலாம். இல்லை, அதுவும் நாலு நிமிட நெஞ்சுதானோ என்னவோ. தெரிந்துகொள்ளப் பயந்துதானே இத்தனையும்.

சுசீலா கரையைப் பார்த்தாள். அங்கே மஞ்சள் புள்ளி சின்னதாகிக்கொண்டிருந்தது. புருஷனைப் பார்த்தாள். மறுபடி கரையைப் பார்த்தாள்.

பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள்.

* * *

சரிவு ஏறும்போதே பூபாலனுக்கு ஓரங்களில் கண் இருட்டியது. கரை மேல் வந்ததும் வெளிச்சம் திரும்பியது. இடது பக்கம் ஏரி. கல் அடுக்கின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் வந்திருந்தது. வானத்தின் நிறமும் அதன் நிறமும் ஒன்றே. ஒரு அலைகூட இல்லை. வலது பக்கம் ஆழத்தில் கருவேலங்காடு. முன்னால் கரை மட்டும், கோடு போட்டதுபோல.

மிதித்தார். மூச்சு விசில் அடித்தது. மார்புக்குள் யாரோ தகரக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அது நல்ல தட்டலா கெட்ட தட்டலா என்று சொல்ல ஒரு டாக்டரும் இல்லை.

தேவராஜின் வேகம் குறைந்திருந்தது. ஐந்நூறு அடி, நானூறு அடி. அவன் முதுகு வளைந்திருப்பது தெரிந்தது.

"தேவா!"

திரும்பவில்லை.

"எடை போட்டிருக்குடா! ஐம்பத்தெட்டு! உன் எடைடா அது!"

மிதித்துக்கொண்டே இருந்தான். முந்நூறு அடி. உண்மை அவனிடம் செல்லாது என்பது பூபாலனுக்குப் புரிந்தது. வேறு என்ன சொன்னால் நிற்பான்? முப்பது வருடமாக அவனுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தது ஒன்று இருந்தது. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் கொடுக்காதது. அதை நெஞ்சின் அடியிலிருந்து பிடுங்கி, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினார்.

"மச்சான்! நீ ஜெயிச்சுட்டடா! ஊரு முன்னாடி சொல்றேன், நீ முடிச்சுட்ட! நில்லுடா!"

தேவராஜின் கால்கள் மிதிப்பதை நிறுத்தின.

கேட்டுவிட்டது. நிற்கப்போகிறான். "அதாண்டா, அப்படியே நில்லு, தோ வந்துட்டேன்" என்று தனக்குள் முனகியபடி மிதித்தார்.

இருநூறு அடி. அவன் பிரேக் பிடிக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. காலைத் தரையில் ஊன்றவில்லை. தலை மட்டும், அலுத்துப்போன ஆள் தூங்கி விழுவது போல, ஹேண்டில் பார் மேல் மெல்லக் கவிழ்ந்தது.

யாரும் ஓட்டாத அந்தச் சைக்கிள், வந்த வேகத்திலேயே, தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.